வாகனக் குளிரூட்டியில் சூடான காற்று: காஸ் நிரப்புவது மட்டுமா பரிகாரம்?

ஏப்ரல் மாதத்தின் முதல் இரு வாரங்களில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலாக உச்சம் கொடுக்கின்றது. அதனைத் தொடர்ந்து வடக்கில் சோளகமும் கிழக்கில் கச்சானும் வீசத் தொடங்க, உலர் வலயத்தின் வெப்பம் பல மாதங்களுக்கு நீடிக்கின்றது. இக்காலத்தில் வாகனத் திருத்துமிடங்களை நாடிச் செல்வோரிடமிருந்து அடிக்கடி எழும் முறைப்பாடுகளில் ஒன்று, "ஏ.சி. போட்டால் சூடான காற்றுத்தான் வருகிறது" என்பதாகும். அதற்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதிலும் ஒன்றுதான்: "காஸ் முடிந்துவிட்டது, நிரப்பினால் சரி." காஸ் நிரப்பப்படுகின்றது. பணம் கைமாறுகின்றது. சில வாரங்கள் குளிர்கின்றது. பின்னர் பழைய குருடி கதவைத் திறடி என்ற கதையாக, அதே வாகனம் அதே திருத்துமிடத்தின் வாசலில் வந்து நிற்கின்றது.

இந்தப் பதில் சில வேளைகளில் சரியானதாக இருக்கலாம். ஆனால் அது ஒருபோதும் முழுமையானதல்ல. பெற்றோலைப் போன்று காஸ் எரிந்து தீர்ந்துபோகும் பொருளன்று. மூடிய குழாய்களுக்குள் உடலில் இரத்தம் ஓடுவதைப் போல அது மீண்டும் மீண்டும் சுற்றி வருகின்றது. உடலில் இரத்தம் குறைந்திருந்தால், இரத்தம் ஏற்றுவதோடு வைத்தியர் நின்றுவிடுவதில்லை. அது எங்கே வழிந்தது என்று தேடுகின்றார். காஸ் குறைந்திருப்பதும் அவ்வாறே. இறப்பர்க் குழாய்கள், இணைப்புகள் ஊடாகப் பல ஆண்டுகளில் சிறிதளவு வெளியேறுவது இயல்பு. எனினும் ஓரிரு மாதங்களில், ஏன், ஓரிரு ஆண்டுகளில் கூட, மீண்டும் நிரப்ப வேண்டி வருமாயின் அதன் பொருள் ஒன்றேயாகும்: எங்கோ கசிவு இருக்கின்றது. கசிவை அடைக்காமல் காஸ் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதற்கு ஒப்பானது.

இவ்விடயம் இன்று கூடுதல் கவனத்துக்குரியதாகியிருப்பதற்குக் காரணம் உண்டு. 2020 ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி மக்களின் கைகளைக் கட்டிப்போட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கான தடை தளர்த்தப்பட்ட போதிலும், வரிச்சுமை காரணமாகப் புதிய வாகனம் பலருக்கு எட்டாக்கனியாகவே உள்ளது. எனவே பத்து, பதினைந்து, இருபது ஆண்டுகள் பழைமையான வாகனங்களே எமது வீதிகளில் பெரும் பணியாற்றுகின்றன. மன்னாரிலிருந்தோ கல்முனையிலிருந்தோ நோயாளர் ஒருவரை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குச் செல்லும் வான் ஒன்றில் குளிரூட்டி என்பது ஆடம்பரமன்று. முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இருதய நோயாளருக்கும் வெப்பம் உயிராபத்தாகவும் மாறக்கூடும்.

குளிரூட்டி எவ்வாறு இயங்குகின்றது என்பதை அறிந்துகொண்டால் பழுதைக் கண்டறிவது எளிதாகும். காய்ச்சல் கண்டவரின் நெற்றியில் ஈரத்துணி போடும்போது, நீர் ஆவியாகுகையில் உடலின் வெப்பத்தை எடுத்துச் செல்கின்றது. குளிரூட்டியின் தத்துவமும் இதுவே. ஆர்-134ஏ எனப்படும் வாயு சாதாரண வளியமுக்கத்தில் பூச்சியத்துக்குக் கீழ் 26 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். எஞ்சினின் பெல்ட்டினால் சுழற்றப்படும் கொம்பிரஷர் இவ்வாயுவை அழுத்திச் சூடாக்குகின்றது. ரேடியேற்றருக்கு முன்னால் பொருத்தப்பட்டுள்ள கொண்டென்சரில் அது தன் வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துத் திரவமாகின்றது. ஈரத்தையும் தூசியையும் பிடித்துக்கொள்ளும் உலர்த்தியைக் கடந்து, எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்துளை வழியாகப் பாயும்போது அமுக்கம் திடீரெனக் குறைகின்றது. டாஷ்போர்ட்டுக்குள் இருக்கும் கூலிங் கொயிலில் அத்திரவம் ஆவியாகி, வாகனத்தின் உள்ளே உள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு மீண்டும் கொம்பிரஷரை அடைகின்றது. சுருங்கக் கூறின், குளிரூட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே கொண்டுபோய்க் கொட்டுகின்றது. இந்தச் சுற்றின் எந்த இடத்தில் தடை ஏற்பட்டாலும் எமக்குத் தெரியும் அறிகுறி சூடான காற்று மட்டுமே. ஆகையால் அந்த ஒரே அறிகுறியை வைத்து ஒரே மருந்தைக் கொடுப்பது தவறாகும்.

வாகனத்தைத் திருத்துமிடத்துக்குக் கொண்டுசெல்வதற்கு முன்னர் உரிமையாளர் தாமே கவனிக்கக்கூடியவை சில உள்ளன. முதலாவது, காற்று குறைவாக வருகின்றதா அல்லது போதிய அளவில் வந்தும் குளிர் இல்லையா என்பது. இவை இரண்டும் வெவ்வேறு நோய்கள். காற்றே பலவீனமாக வருமாயின், பல யப்பானிய வாகனங்களில் இடப்பக்க முன்னாசனத்துக்கு எதிரேயுள்ள பெட்டியின் பின்புறத்தில் இருக்கும் வடிகட்டியைப் பார்க்க வேண்டும். எமது வீதிகளின் புழுதி அதனை அடைத்திருக்கக்கூடும். அதை மாற்றுவது சில நிமிட வேலை. அதற்குக் காஸ் தேவையில்லை.

காற்று நன்றாக வந்தும் குளிரில்லையாயின், அது எப்போது சூடாகின்றது என்பதைக் கவனித்தல் வேண்டும். வாகனம் ஓடும்போது குளிர்ந்து, சந்தியிலோ புகையிரதக் கடவையிலோ நிற்கும்போது சூடாகுமாயின், கொண்டென்சருக்குக் காற்றுப் போதவில்லை என்பது பொருள். அதன் மின்விசிறி சுழலாமல் இருக்கலாம். அல்லது தகடுகளின் இடையே சேறும் பூச்சியும் இலைகளும் படிந்திருக்கலாம். மென்மையாக நீர் பாய்ச்சிக் கழுவினாலே பல வாகனங்கள் தேறிவிடும். ஆனால் உயரமுக்க நீர்த்தாரையைக் கிட்டப் பிடித்தால் மெல்லிய தகடுகள் வளைந்து காற்றுப் போகும் வழி மேலும் அடைபட்டுவிடும்.

தொடக்கத்தில் நன்றாகக் குளிர்ந்து, அரை மணித்தியாலத்தின் பின் சூடாகி, சிறிது நேரம் நிறுத்தி வைத்தால் மீண்டும் குளிருமாயின், கூலிங் கொயிலில் பனிக்கட்டி படிந்து காற்றை மறித்திருக்கலாம். காற்றோட்டக் குறைவோ வெப்பநிலையை உணரும் கருவியின் பழுதோ அதற்குக் காரணமாகும். குழாய்களுக்குள் ஈரம் புகுந்து எக்ஸ்பான்ஷன் வால்வின் துளையில் உறைந்தாலும் இதே நிலை தோன்றும். ஒரு பக்கத் துவாரத்தில் குளிரும் மறுபக்கத்தில் சூடும் வருமாயின், காஸ் குறைவாகவும் இருக்கலாம். வெப்பக் காற்றையும் குளிர்க் காற்றையும் கலக்கும் உட்கதவு சிக்கியிருக்கவும் கூடும். டாஷ்போர்ட்டின் பின்னால் இடைவிடாது "டிக், டிக்" என்ற ஓசை கேட்டால் பெரும்பாலும் பின்னையதே காரணம்.

எப்போதும் சூடான காற்றே வருமாயின், கொம்பிரஷர் இயங்குகின்றதா என்று பார்க்க வேண்டும். பெல்ட்டால் இயங்கும் பெரும்பாலான வாகனங்களில் ஏ.சி. பொத்தானை அழுத்தியதும் "டக்" என்ற ஒலியுடன் கொம்பிரஷரின் முன்தட்டு சுழலத் தொடங்கும். சுழலவில்லையாயின் பியூஸ், ரிலே, வயர் இணைப்பு, மின்காந்தக் கிளச் ஆகியவற்றில் ஒன்று பழுதாகியிருக்கலாம். அன்றேல் காஸ் மிகவும் குறைந்துவிட்டதால், அமுக்கத்தை உணரும் சுவிட்ச் கொம்பிரஷரை வேண்டுமென்றே நிறுத்தியிருக்கலாம். கொம்பிரஷருக்கு உயவாக அமையும் எண்ணெய் காஸுடன் சேர்ந்தே பயணிப்பதால், காஸ் இல்லாமல் ஓடினால் அது உலர்ந்து இறுகிவிடும். அதைத் தடுக்கவே இந்தச் சுவிட்ச் வைக்கப்பட்டுள்ளது. அதனை விலக்கி, வயரை நேரடியாக இணைத்து ஓடவைக்கும் வழக்கம் சில இடங்களில் காணப்படுகின்றது. சிறு பழுதைப் பெருஞ்செலவாக்கும் வழக்கம் அது.

கொம்பிரஷர் இயங்கும்போது அதனுடன் இணைந்த இரு குழாய்களில் தடித்த குழாய் குளிர்ந்து வியர்த்திருக்கவும், மெல்லிய குழாய் சூடாகியிருக்கவும் வேண்டும். இரண்டுக்குமிடையே வித்தியாசம் இல்லையாயின் காஸ் சுற்றோட்டம் சரியில்லை என்று அறியலாம். ஆனால் மெல்லிய குழாய் கையைச் சுடக்கூடும் என்பதையும், பெல்ட்டும் மின்விசிறியும் எதிர்பாராமல் சுழலும் என்பதையும் மறத்தலாகாது. தளர்ந்த ஆடையுடனோ தாவணியுடனோ பொனட்டின் மேல் குனிவது ஆபத்தானது.

இதற்கு அப்பால் உள்ளவை பயிற்சி பெற்ற திருத்துநரின் பணியாகும். அவர் இரு அமுக்கமானிகளைப் பொருத்துவார். இயங்கும்போது இரு பக்க அமுக்கமும் தாழ்ந்திருந்தால் காஸ் குறைவு என்று ஊகிக்கலாம். இரு பக்கமும் உயர்ந்திருந்தால் கொண்டென்சரின் அடைப்போ, மின்விசிறியின் பழுதோ, அளவுக்கு மிஞ்சிய காஸோ காரணமாகலாம். தாழமுக்கப் பக்கம் உயர்ந்தும் உயரமுக்கப் பக்கம் தாழ்ந்தும் இருந்தால் கொம்பிரஷரின் வலு குன்றியிருக்கலாம். தாழமுக்கப் பக்கம் வெற்றிடத்தை நோக்கி இறங்கினால் வால்விலோ உலர்த்தியிலோ அடைப்பு இருக்கலாம். ஆகவே காஸ் குறைவு என்பது பல காரணங்களில் ஒன்று மட்டுமே. மின்விசிறி பழுதான வாகனத்துக்கு மேலதிகமாகக் காஸ் ஏற்றினால், ஏற்கெனவே உயர்ந்திருக்கும் அமுக்கம் மேலும் உயர்ந்து கொம்பிரஷரையே அழித்துவிடும்.

இங்கு பலரும் அறியாத ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். எஞ்சினை நிறுத்தி வைத்த நிலையில் மானி காட்டும் அமுக்கத்தைப் பார்த்து, "காஸ் போதுமானளவு இருக்கிறது" என்று கூற முடியாது. குழாய்களுக்குள் சிறிதளவேனும் திரவம் எஞ்சியிருக்கும் வரை, அந்த அமுக்கம் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. 30 பாகை செல்சியஸில் ஆர்-134ஏ சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 97 இறாத்தல் அமுக்கத்தைக் காட்டும். உள்ளே 500 கிராம் இருந்தாலும் அதுதான், 250 கிராம் இருந்தாலும் அதுதான். சமையல் எரிவாயு சிலிண்டரில் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றது என்பதை நாம் தூக்கிப் பார்த்து அறிவதும் இதனாலேயே. எனவே சரியான முறை, உள்ளிருக்கும் காஸை முழுமையாக மீட்டெடுத்து, பொனட்டின் கீழ் ஒட்டப்பட்டிருக்கும் வில்லையில் குறிப்பிட்டுள்ள கிராம் அளவைத் தராசில் நிறுத்து நிரப்புவதாகும். மானியின் முள்ளை மட்டும் பார்த்து ஏற்றுவது கண்மதிப்பில் மருந்து கொடுப்பதைப் போன்றது.

நிரப்புவதற்கு முன் கசிவு கண்டுபிடிக்கப்பட வேண்டும். காஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் சேர்ந்து வெளிவருவதால், இணைப்புகளில் எண்ணெய்க்கறை படிந்து அதில் தூசி ஒட்டியிருப்பது நல்ல தடயமாகும். சவர்க்கார நீர், ஊதா ஒளியில் ஒளிரும் சாயம், மின்னணுக் கருவி, நைதரசன் வாயுவை ஏற்றி அமுக்கம் இறங்குகின்றதா எனப் பார்த்தல் என்று வழிகள் பல. டயருக்குக் காற்றடிக்கும் கொம்பிரஷரால் சோதிப்பது கூடாது. அது குழாய்களுக்குள் ஈரத்தைப் புகுத்துவதோடு, உயர் அமுக்கத்தில் வளியும் ஆர்-134ஏயும் கலப்பது தீப்பற்றும் அபாயத்தையும் உண்டாக்கும். கரையோரப் பிரதேசங்களில் உப்புக்காற்றினால் அலுமினியக் கொண்டென்சர் அரிக்கப்படுவதால், அங்குள்ளோர் அதனை முதலில் சந்தேகிப்பது பொருத்தமானது. பழுதான பாகத்தையும் இறப்பர் வளையங்களையும் மாற்றி, நெடுநேரம் திறந்திருந்த தொகுதியாயின் உலர்த்தியையும் மாற்றி, குறைந்தது அரை மணித்தியாலம் வெற்றிடமாக்கி, அந்த வெற்றிடம் குலையாமல் நிற்கின்றதா என்று பார்த்த பின்னரே காஸ் ஏற்றப்பட வேண்டும்.

எமது வீதிகளில் பெருகியுள்ள கலப்பின வாகனங்களுக்கு மேலும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகின்றது. டொயோட்டா பிரியஸ், அக்குவா போன்றவற்றில் கொம்பிரஷரை இயக்குவது பெல்ட் அல்ல. உயர் அழுத்த மின்சாரம். அவற்றுக்கு மின்சாரத்தைக் கடத்தாத தனிவகை எண்ணெய் விதிக்கப்பட்டுள்ளது. சாதாரண வாகனங்களுக்குரிய எண்ணெய் சிறிதளவு கலந்தாலும் மின்காப்புக் குன்றி, கொம்பிரஷர் பழுதாவதோடு வாகனமே நின்றுபோகக் கூடும். செம்மஞ்சள் நிற வயர்களைப் பயிற்சியற்றோர் தொடுவது உயிராபத்தாகும். அண்மைக்காலத்தில் உற்பத்தியான சில வாகனங்களில் ஆர்-1234வைஎஃப் என்ற வேறு வாயு உள்ளது. ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை ஏற்றக்கூடாது என்பதற்காகவே இணைப்பு வாய்கள் வெவ்வேறாக அமைக்கப்பட்டுள்ளன. "எதுவும் பொருந்தும்" என்று கூறி மாற்று இணைப்பைத் தேடுவோரிடமிருந்து விலகியிருப்பதே நன்று.

மலிவான காஸின் ஆபத்தையும் குறிப்பிடாமல் விட முடியாது. 2011 ஆம் ஆண்டில் வியட்நாமில் பராமரிக்கப்பட்ட குளிர்சாதனக் கொள்கலன்கள் வெடித்துத் தொழிலாளர் மூவர் உயிரிழந்தனர். ஆர்-134ஏ என்ற பெயரில் ஏற்றப்பட்டிருந்த போலி வாயுவில் மீதைல் குளோரைட் கலந்திருந்ததும், அது அலுமினியத்துடன் தாக்கம் புரிந்து, காற்றுப் பட்டதும் தீப்பற்றும் சேர்வையை உருவாக்கியதுமே காரணமாகக் கண்டறியப்பட்டது. வாகனங்களின் குளிரூட்டிக் குழாய்களும் அலுமினியத்தாலானவையே. சமையல் எரிவாயுவை ஒத்த கலவைகளை ஏற்றினால் குளிரலாம். ஆனால் கூலிங் கொயில் கசிந்தால் பயணிகள் அமர்ந்திருக்கும் இடத்தினுள்ளேயே எரிவாயு நிறையும். கசிவை அடைக்கும் என்று விற்கப்படும் திரவங்களும் உள்ளே இறுகி வால்வை அடைப்பதும், காஸ் மீட்கும் இயந்திரங்களைப் பழுதாக்குவதும் உண்டு.

தனிப்பட்ட நட்டத்துக்கு அப்பால் பொதுவான தீங்கும் உண்டு. முன்னைய வாகனங்களில் இருந்த ஆர்-12 வாயு ஓசோன் படையை அரித்தமையால், 1987 ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை மூலம் அது படிப்படியாக ஒழிக்கப்பட்டது. இலங்கை 1989 இல் அதில் இணைந்தது. அதற்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ ஓசோனுக்குத் தீங்கற்றது. எனினும் நூறாண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டைப் போன்று ஏறத்தாழ 1,430 மடங்கு புவியை வெப்பமாக்க வல்லது. 500 கிராம் வாயு காற்றில் விடப்பட்டால் அது 715 கிலோகிராம் காபனீரொட்சைட்டுக்குச் சமம். சுமார் 300 லீற்றர் பெற்றோலை எரிப்பதற்கு ஒப்பானது. ஒவ்வோர் ஆண்டும் கசியவிட்டு நிரப்பும் வாகனம் எமது கோடையை மேலும் சூடாக்குகின்றது. 2016 ஆம் ஆண்டின் கிகாலி திருத்தத்தை இலங்கை 2018 இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி இவ்வகை வாயுக்களின் பாவனை 2024 இல் உறைநிலைக்குக் கொண்டுவரப்பட்டு, 2045 ஆம் ஆண்டளவில் நூற்றுக்கு 80 வீதத்தால் குறைக்கப்பட வேண்டும். கைவிரல் நுனியில் கிடைக்கும் பொருளாக இந்தக் காஸ் என்றென்றும் இருக்கப்போவதில்லை.

குற்றத்தைத் திருத்துநர்கள் மீது மட்டும் சுமத்துவது நியாயமாகாது. கண்ணுக்குத் தெரியும் காஸுக்குப் பணம் கொடுக்க நாம் தயங்குவதில்லை. கசிவைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஒரு மணித்தியால உழைப்புக்குக் கூலி கேட்டால், "ஒன்றும் செய்யாமல் காசு கேட்கிறார்" என்று முணுமுணுக்கின்றோம். சரியாகச் செய்பவர் வாடிக்கையாளரை இழக்கின்றார். அவசரத்துக்கு நிரப்பி அனுப்புபவர் செழிக்கின்றார். அத்துடன் தமிழ்மொழியில் இத்துறைக்கான கைநூல்களும் பயிற்சிகளும் போதியளவில் இல்லை என்பதும் கவலைக்குரியது. கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள இலங்கை–ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகம் போன்றவற்றில் மோட்டார் வாகனத் தொழில்நுட்பம் கற்பிக்கப்படுகின்றது. அத்தகைய தகைமை பெற்ற இளைஞர்களுக்கு வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் வேலை காத்திருக்கின்றது. அவர்களுக்குக் காஸை மீட்கும் இயந்திரமும் நிறுக்கும் தராசும் வாங்கச் சிறுகடன் வசதி செய்து கொடுப்பது, ஆண்டுதோறும் காஸ் இறக்குமதிக்கு அந்நியச் செலாவணியைச் செலவிடுவதிலும் மேலானது.

வாகனத்தை ஒப்படைக்கும் ஒவ்வொருவரும் சில கேள்விகளைக் கேட்டுப் பழக வேண்டும். இருந்த காஸ் எங்கே போனது? கசிவு எங்கே கண்டுபிடிக்கப்பட்டது? எத்தனை கிராம் மீட்கப்பட்டது, எத்தனை கிராம் ஏற்றப்பட்டது? எந்த வாயு, எந்த எண்ணெய்? எவ்வளவு நேரம் வெற்றிடமாக்கப்பட்டது? இவற்றுக்குப் பொறுமையாகப் பதில் சொல்பவரிடம் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதில் நட்டமில்லை; அவர் கேட்கும் நேரத்தையும் கொடுக்க வேண்டும். பற்றுச்சீட்டில் அவற்றை எழுதித் தருமாறு கேட்பது எமது உரிமை.

குளிரூட்டி திருந்தும் வரை நண்பகல் பயணத்தைத் தவிர்ப்பதும், புறப்படுமுன் கதவுகளைத் திறந்து உள்வெப்பத்தை வெளியேற்றுவதும், குடிநீரை உடன் கொண்டுசெல்வதும் நன்று. வெயிலில் நிறுத்தி மூடிய வாகனத்தின் உள்ளே அரை மணித்தியாலத்துக்குள் வெப்பநிலை 50 பாகையைத் தாண்டலாம் என்பதால், குழந்தைகளை ஐந்து நிமிடத்துக்கேனும் அதனுள் விட்டுச் செல்லலாகாது. பழுதைத் திருத்த ஒரு நாள் தாமதமாகலாம். அதனால் பெரிய இழப்பில்லை. காரணத்தைத் தேடாமல் காஸை மட்டும் ஏற்றிக்கொண்டு வீடு திரும்புவோமாயின், அடுத்த கோடையிலும் இதே பணத்தை இதே இடத்தில் கொடுக்க நேரிடும்.